மோட்டார் வண்டியின் முழு ஆயுட்கணக்கு

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வசிக்கும் ஒரு மத்தியதரக் குடும்பத்தார், ஒரே கம்பெனி ஒரே வடிவத்தில் செய்து விற்கும் இரண்டு கார்களுக்கு முன்னால் நின்று, பெட்ரோலில் ஓடுவது 12 லட்சம் ரூபாய் என்றும், மின்சாரத்தில் ஓடுவது 16 லட்சம் ரூபாய் என்றும் விற்பனையாளர் சொல்லக் கேட்கும்போது, அந்த 4 லட்சம் ரூபாய் வித்தியாசமே அவர்களுடைய சிந்தனை முழுவதையும் ஆட்கொண்டுவிடுகிறது. பிறகு வீட்டுக்கு வந்து பந்துமித்திரர்களிடம் யோசனை கேட்டால், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு, யோசிக்காமல் மின்சாரக் காரை வாங்குங்கள்" என்று ஒருவர் சொல்வார். "பேட்டரி போனால் பாதிக் கார் போன மாதிரி, அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்று மற்றொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் சத்தியம் இருக்கிறது. ஆனால் எந்தக் குடும்பத்துக்கு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, எத்தனை வருஷ உபயோகத்துக்கு என்ற நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டபடியால், இரண்டுமே கேட்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடக் கூடியவை. அந்த நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டு, எட்டு வருஷ காலத்துக்கு ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பதே என் உத்தேசம். எட்டு வருஷம் என்று நான் வரையறுப்பதற்குக் காரணம், நம் நாட்டில் மின்சாரக் கார்களின் பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரையில், உத்தரவாதம் தரப்படுகிறது என்பதுதான். 12 லட்சம், 16 லட்சம் என்பவை கணக்கின் சௌகரியத்துக்காக நான் எடுத்துக்கொண்ட உதாரண விலைகள். வாசகர் தம் கைக்கு வந்த விலையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஷோரூமில் சொல்லும் விலைக்கும், வண்டி ரோட்டுக்கு வரும்போது நம் கையை விட்டுப் போயிருக்கும் தொகைக்கும் நடுவே நிற்பது அரசாங்கத்தின் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதத்தின்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ஆகவே 12 லட்ச ரூபாய்ப் பெட்ரோல் கார் 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் வரி கட்டிய பிறகுதான் வீடு வந்து சேரும். மின்சார வாகனங்களுக்கோ, 2023-ஆம் ஆண்டு வெளியான மாநிலத்தின் மின்வாகனக் கொள்கை, 2025 டிசம்பர் முடிய முழு வரிவிலக்கு அளித்தது. அந்த விலக்கோடு வாங்கியவருக்கு, 4 லட்சமாகத் தோன்றிய வித்தியாசம் 1 லட்சத்து 84 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஜி.எஸ்.டி.யிலும் இத்தகைய சலுகை உண்டு: 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் காருக்கு 5 சதவீதமே வரி. ஆனால் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரியும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், இரு வண்டிகளின் விலைக்கும் இடையே குறுகி வந்த இடைவெளி மறுபடியும் சிறிது அகன்றிருக்கிறது. மின்சாரக் காரின் அனுகூலத்தில் கணிசமான பங்கு சர்க்கார் தருவது. சர்க்கார் தருவதைச் சர்க்கார் நிறுத்தவும் கூடும். வாங்க நினைப்பவர் வாங்கும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம். அது இல்லாவிட்டால் கணக்கு எவ்வளவு மாறிப்போகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி ஓட்டச் செலவுக்கு வருவோம். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்த பிறகு சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. நகரத்து நெரிசலில், ஏ.ஸி. போட்டுக்கொண்டு ஓடும் ஒரு நடுத்தரக் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை. அப்படியானால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 14 காசு. இந்தப் பக்கத்துக் கணக்கு இவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

மின்சாரத்தின் கணக்கு அத்தனை சுலபமாக முடிவதில்லை. அதில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். "எங்கள் வீட்டில் யூனிட்டுக்கு நாலரை ரூபாய்தானே" என்று எண்ணிக்கொண்டு காரை வாங்கிவந்து, போர்ட்டிகோவில் பிளக்கைச் செருகுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போன பிறகு வருகிற பில்லைக் கண்டுதான், தமிழ்நாட்டு மின்கட்டணம் ஒரு படிக்கட்டு என்பது அவர்களுக்கு உறைக்கிறது. 2022 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விகிதங்கள் சற்று உயர்ந்திருந்தாலும் அமைப்பு அதேதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் உபயோகிக்கிற வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டாலோ, அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறிபோய், அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிடுகிறது. மேலே போகப்போக 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய், 1,000 வரை 10 ரூபாய், அதற்கு மேல் 11 ரூபாய்.

இரண்டு மாதத்தில் 450 யூனிட் உபயோகிக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளிர்சாதனப் பெட்டியும், இரவில் ஓர் அறையில் ஓடும் ஏ.ஸி.யும் உள்ள சாதாரண வீடு. அவர்களுடைய பில் 1,425 ரூபாய். இப்போது அந்த வீட்டுக்கு மின்சாரக் கார் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். சார்ஜ் ஏற்றும்போது உஷ்ணமாக விரயமாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட். மொத்தம் 750 யூனிட் ஆகிறது. பில்லோ 4,100 ரூபாய்! காருக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 2,675 ரூபாய். அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 90 காசு. வீட்டின் சராசரி விகிதம் என்ன என்று பார்ப்பதால் பயனில்லை. கார் வந்து நிற்பது எப்போதும் படிக்கட்டின் மேற்படியிலேதான். கீழ்ப்படிகளை வீட்டின் விளக்கும் விசிறியும் முன்னமே ஆக்கிரமித்துக்கொண்டுவிட்டன. எனினும் இவ்வளவுக்குப் பிறகும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 1 ரூபாய் 37 காசுதான் என்பதையும், அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் ஏறத்தாழ 14,000 ரூபாயை விழுங்கியிருக்கும் என்பதையும் கவனித்தால், மின்சாரத்தின் பக்கமுள்ள லாபம் எவ்வளவு பெரியது என்பது தெளிவாகும். மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டுக்கொள்ள இடமுள்ளவர்களுக்கு இன்னும் விசேஷம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

இவையெல்லாம் சொந்த மீட்டரும் சொந்த வாகன நிறுத்தமும் உள்ளவர்களுக்குச் சொன்னது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடியில் வீடும், கீழே பொது இடத்தில் காரும் உள்ளவருக்குத் தம் மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் வரை கம்பி இழுப்பதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். சில குடியிருப்புகளில் அந்தச் சம்மதம் மாதக்கணக்கில் கிடைப்பதில்லை. அவர் சார்ஜிங் நிலையத்தை நம்பியே ஜீவிக்க வேண்டும். அங்கே அதிவேக சார்ஜுக்கு, 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட, யூனிட்டுக்கு 20 ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. கிலோமீட்டருக்கு 3 ரூபாய்க்குமேல் என்றாகிவிட்டால், லாபத்தில் கணிசமான பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரத்துக்கு விலை போடுவது ஒருபுறம் இருக்கட்டும்.

பராமரிப்பு விஷயத்தில் மின்சாரக் காரின் மேன்மை சந்தேகத்துக்கு இடமற்றது. சர்வீஸுக்கு விட்ட பெட்ரோல் காரை லிஃப்டில் ஏற்றி, மெக்கானிக் அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றியதும், சுடச்சுடக் கருகருவென்று இஞ்சின் ஆயில் தட்டில் வடிகிறதே, அந்தக் காட்சிக்கே மின்சாரக் காரில் இடமில்லை. ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட், சைலன்ஸர், ரேடியேட்டருக்குக் கீழே கசியும் ஹோஸ் என்று பில்லில் வரிவரியாக வருகிற பலவும் அங்கே கிடையா. பிரேக்கை அழுத்தும் வேலையில் பாதியை மோட்டாரே ஏற்று, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால், பிரேக் பேடும் நெடுநாள் உழைக்கிறது. அமெரிக்காவின் அர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பெட்ரோல் காரின் பராமரிப்புக்கு மைலுக்கு 10.1 சென்ட் என்றும், மின்சாரக் காருக்கு 6.1 சென்ட் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். நம் நாட்டுக் கூலியும் உதிரிபாக விலையும் வேறு. ஆயினும் விகிதாசாரத்தில் பெரிய பேதம் இருக்கக் காரணம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பேட்டரியின் பாரமும், மோட்டார் எடுத்த எடுப்பிலேயே தரும் இழுவிசையும் சேர்ந்து, மின்சாரக் காரின் டயர்களைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

பராமரிப்பில் மிச்சமாவதைத் திருப்பி எடுத்துக்கொள்வது இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்று சொல்லப்படுவது மெய்தான். ஆனால் அந்தத் தள்ளுபடி எந்தப் பிரிவில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2022-ல் அறிவிக்கப்பட்ட விகிதத்தில் பெட்ரோல் கார்கள் இஞ்சின் கொள்ளளவைக் கொண்டும், மின்சாரக் கார்கள் மோட்டாரின் சக்தியைக் கொண்டும் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1,199 ஸி.ஸி. பெட்ரோல் நெக்ஸான் 3,416 ரூபாய்ப் பிரிவில் வருகிறது. 2020 ஜனவரியில் அறிமுகமான அதே நெக்ஸானின் மின்சார வடிவம், 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டாரை உடையதாகையால், 6,712 ரூபாய்ப் பிரிவுக்குப் போய்விடுகிறது. ஒரே உடலமைப்புள்ள இரு கார்களில், தள்ளுபடி பெற்றது ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டுகிறது. சொந்த சேதத்துக்கான பிரீமியமும் வண்டியின் மதிப்பைப் பொறுத்ததாகையால், விலை அதிகமான மின்சாரக் காருக்கு அதுவும் அதிகமே. 2015-லும் 2023-லும் சென்னையில் வெள்ளம் புகுந்த தெருக்களைப் பார்த்தவர்கள், பெட்ரோல் காருக்கு இஞ்சின் பாதுகாப்பும், மின்சாரக் காருக்கு பேட்டரிப் பாதுகாப்பும் தனியாக எடுத்துக்கொள்வதை வீண்செலவு என்று நினைக்கமாட்டார்கள். மொத்தத்தில், பராமரிப்பில் வரும் ஆதாயமும் காப்பீட்டிலும் டயரிலும் போகும் அதிகப்படியும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போகும் என்று கொள்வது நியாயம்.

பேட்டரியைப் பற்றிய பயத்துக்கு ஒரு பூர்வசரித்திரம் இருக்கிறது. 2001-ல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ரேவா என்னும் சின்னஞ்சிறு மின்சாரக் கார் ஈய அமில பேட்டரியில் ஓடிற்று. சில வருஷங்களுக்கு ஒருமுறை அந்த பேட்டரிகளை மாற்றித் தீரவேண்டியிருந்தது. லித்தியம் பேட்டரி வந்த பிறகும், அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், வெயிலுக்குப் பெயர்போன பீனிக்ஸ் நகரத்தில், நிஸ்ஸான் லீஃப் கார்களின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திறன் இழந்தது 2012-ல் பெரும் பேச்சாயிற்று. அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி ஏற்பாடு இல்லை. நமது கத்திரி வெயிலில் கார் வாங்குகிறவர் அறிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது: பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி உண்டா என்பதே விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. இன்றைய பேட்டரிகள் பொதுவில் நன்றாகவே உழைக்கின்றன. ஆயிரக்கணக்கான வாகனங்களின் விவரத்தை வைத்து ஜியோடாப் என்னும் கனடாக் கம்பெனி 2024-ல் செய்த ஆராய்ச்சியில், சராசரியாக வருஷத்துக்கு 1.8 சதவீதம் திறன் குறைவதாகக் கண்டது. அந்தக் கணக்கில் எட்டு வருஷத்துக்குப் பிறகும் 85 சதவீதம் மிஞ்சும். விலையும் இறங்கி வந்திருக்கிறது: ஒரு யூனிட்டைத் தேக்கிவைக்கும் பேட்டரிக்கு 2010-ல் 1,000 டாலருக்கு மேலிருந்த உலகச் சராசரி விலை 2024-ல் 115 டாலர். கம்பெனிக்கு ஆகும் விலை அது. நமக்கு உத்தரவாதம் முடிந்த பின் மாற்ற நேர்ந்தால் இன்றைக்கும் பல லட்சம் ஆகும். ஆகவே அந்த பயம் மிகைப்பட்டது என்று சொல்வேனே தவிர, ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன்.

அந்த பயத்தின் விலையை நாம் செலுத்துவது பேட்டரியை மாற்றும்போது அன்று, வண்டியை விற்கும்போது. எட்டு வருஷம் ஓடிய பெட்ரோல் காரை எந்த ஊர் மெக்கானிக்கும் காது கொடுத்துக் கேட்டு மதிப்புச் சொல்லிவிடுவார். உத்தரவாதம் முடிந்த மின்சாரக் காரின் பேட்டரியில் எவ்வளவு ஜீவன் மிச்சம் என்பதைக் காதாலும் கண்ணாலும் அறிய முடியாதாகையால், வாங்குகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கிறார். பெட்ரோல் கார் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் போனால், மின்சாரக் கார் அதைவிட 2 லட்சம் குறைவாகப் போகும் என்று எடுத்துக்கொள்வது ஜாக்கிரதையான அனுமானம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். வரிவிலக்கு உள்ளபோது ஆரம்ப அதிகச் செலவு, வீட்டில் வயரிங் செய்வது உட்பட, 2 லட்சம். அந்தத் தொகைக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருஷக் கடன் வட்டி 50 ஆயிரம். விற்கும்போது நஷ்டம் 2 லட்சம். ஆக மின்சாரக் கார் நாலரை லட்சத்தைச் சம்பாதித்துக் கொடுத்தால்தான் சமநிலைக்கு வரும். வீட்டில் சார்ஜ் ஏற்றி மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எட்டு வருஷத்தில் எரிபொருளில் மிச்சமாவது சுமார் ஐந்தரை லட்சம். ஆகவே நிகர லாபம் 1 லட்சம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நிகர லாபம் மூன்றே முக்கால் லட்சத்தை எட்டுகிறது. அவருடைய மொத்த ஓட்டமான 1 லட்சத்து 44 ஆயிரம் கிலோமீட்டர் பேட்டரி உத்தரவாதத்துக்குள்ளேயே அடங்கியும் விடுகிறது. மாதம் 500 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கோ 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் நஷ்டம். லாபமும் நஷ்டமும் சந்திக்கும் எல்லை, மாதம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சார்ஜிங் நிலையத்தை மட்டுமே நம்புகிறவர் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் முதலைத் திருப்பி எடுப்பது கடினம். வரிவிலக்கு இல்லாத பட்சத்தில், 16 லட்சத்துக்கு 18 சதவீதமாக 2 லட்சத்து 88 ஆயிரம் ரூபாயும் அதற்குரிய கடன் வட்டியும் கூடுதலாகச் சேர்ந்து, அந்த எல்லை மாதம் 1,450 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போய்விடுகிறது. ஓர் அரசாணையின் ஒரு தேதி, ஒரு குடும்பத்தின் முடிவை இவ்வளவு தூரம் மாற்றக்கூடியதாக இருப்பதால், இத்தகைய சலுகைகளை வருஷாவருஷம் நீட்டிக்கொண்டு போவதைவிட, பல வருஷத்துக்கு முன்கூட்டியே உறுதியாக அறிவிப்பதே ஜனங்களுக்குச் செய்யும் உபகாரம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பேட்டரியின் அபாயத்தையே கம்பெனியிடம் விட்டுவிடும் ஏற்பாடு ஒன்றும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்ஸர் என்ற கார், பேட்டரி இல்லாமல் 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய் என்றும், பேட்டரிக்கு வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. சார்ஜுக்கும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முதல் போடும் பணம் குறைவாக உள்ளவருக்கு இது சௌகரியம்; ஆனால் அதிகம் ஓட்ட ஓட்ட வாடகையும் ஏறிக்கொண்டே போவதால், நிறைய ஓட்டுபவருக்கு இது அவ்வளவாக உதவாது.

ஆதலின், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாத்திரம் அதை வெளியே எடுக்கிறவர்கள், காற்றைத் தூய்மையாக்கும் நல்லெண்ணத்துக்காக வாங்கினாலன்றி, பணம் மிச்சமாகும் என்று நம்பி அதை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கவேண்டாம். தினமும் 50 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர், வீட்டில் சொந்த பிளக் பாயிண்ட் உள்ளவர், வண்டியை எட்டு வருஷம் வைத்துக்கொள்ள நினைக்கிறவர், வாங்கும் நாளில் வரிவிலக்கும் நடப்பில் இருந்தால், தயக்கமின்றி வாங்கலாம். எந்த வகுப்பில் தாம் சேர்ந்தவர் என்பதை அறிய, ஷோரூமுக்குப் புறப்படுமுன் இரண்டு காகிதங்களை வாசகர் எடுத்துவைத்துக்கொண்டால் போதும்: பழைய காரின் ஓடிய தூரம் எழுதப்பட்ட கடைசி இரண்டு சர்வீஸ் பில்கள் ஒன்று; கடந்த ஒரு வருஷத்து மின்கட்டண ரசீதுகள் மற்றொன்று.